இலண்டனில் இருந்த இலங்கைப் பணம்

கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் ஒருவர் 1945 ஆம் ஆண்டிலே தம் பெட்டகத்தில் நூறு ரூபா வைத்திருந்தார் எனக் கொள்வோம். அவர் அறியாமலே அப்பணம் பெரும்பாலும் பிரித்தானிய அரசுக்குக் கொடுத்த கடனாக இருந்தது. இது எவ்வாறு நிகழ்ந்தது?

1884 ஆம் ஆண்டிலே ஓரியன்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தோர் திகைத்து நின்றபோது, தேசாதிபதி சேர் ஆதர் கோடன் அவற்றுக்கு அரசின் பொறுப்பை அளித்தார். அவ்வாண்டுச் சட்டத்தின்படி நோட்டு வெளியிடும் உரிமை அரசாங்க நாணயச்சபையிடம் வந்தது. சபை வெளியிட்ட ரூபாவுக்கு ஈடு வேண்டும். நாளடைவில் அவ்வீட்டின் பெரும் பகுதி இலண்டனிலே ஸ்டேர்லிங் பத்திரங்களாகக் கிடந்தது.

1942 இல் மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முதன்மையான நாடுகளுள் ஒன்றாக இலங்கை விளங்கிற்று. தேயிலையும் தெங்குப் பொருள்களும் சென்றன. விலை ஸ்டேர்லிங்கில் கிடைத்தது. ஆயினும் அதைக் கொண்டு வாங்கப் போதிய பண்டமில்லை. பர்மா அரிசி நின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் பங்கீட்டு அரிசியோடு காலங்கழித்தனர். அவர்கள் வாங்காமல் விட்ட பண்டங்களே இலண்டனில் சேமிப்பாகக் குவிந்தன.

போர் முடிந்ததும் கடனாளி தளர்ந்திருந்தார். அமெரிக்கக் கடனுக்கு நிபந்தனையாக, 1947 யூலை 15 இல் பவுணை டொலராக மாற்றும் உரிமையைப் பிரித்தானியா வழங்கிற்று. டொலர் கரைந்தமையால் ஓகஸ்ட் 20 இல் அதை நிறுத்திற்று. போர் யாவர்க்கும் பொது, ஆகவே கடனைக் குறைத்தல் வேண்டும் என்று பிரித்தானியர் சிலர் வாதித்தனர். வறிய மக்களின் பட்டினியால் சேர்ந்த பணத்தைக் குறைப்பது நீதியன்று என்பது கடன் கொடுத்த நாடுகளின் விடை. இந்தியா, எகிப்து போன்று இலங்கையும் பேச்சு நடத்த நேர்ந்தது. சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே, ஜே. ஆர். ஜயவர்தன நிதியமைச்சராயிருந்த காலத்தில், உடன்படிக்கை ஏற்பட்டது. சேமிப்பில் எவ்வளவு எடுக்கலாம் என்பது வரையறுக்கப்பட்டது. பணம் தன்னுடையதாயினும், அதை எடுக்கப் பிறர் இணக்கம் வேண்டியதாயிற்று.

1949 செப்ரெம்பர் 18 இல் பவுணின் மதிப்பு 4.03 டொலரிலிருந்து 2.80 டொலராகக் குறைக்கப்பட்டது. பத்து இலட்சம் பவுண் சேமிப்பின் டொலர் மதிப்பில் 12 இலட்சத்து 30 ஆயிரம் ஒரே நாளில் மறைந்தது. ரூபாவும் பவுணோடு சேர்ந்து இறங்கிற்று.

அமெரிக்க நிபுணர் ஜோன் எக்ஸ்டர் அளித்த அறிக்கையின்படி 1950 ஓகஸ்ட் 28 இல் மத்திய வங்கி கொழும்பிலே திறக்கப்பட்டது. நோட்டு வெளியிடுவதற்குப் பழைய முழு ஈட்டு விதி நீங்கியது. ஆயினும் பவுணின் பிடி உடனே நீங்கவில்லை. 1967 நவம்பரில் பவுண் மீண்டும் இறங்கியபோது, இலங்கை ரூபாவும் 20 வீதம் இறக்கப்பட்டது. நாணயத்தை ஆளும் சட்டத்தை ஒரு நாளில் இயற்றலாம். அதற்கு ஈடான செல்வத்தை ஈட்டுதற்கோ தலைமுறைகள் உழைத்தல் வேண்டும்.