குமரித் துறையும் காட்டு வாத்தும்: பாறசாலை எல்லையில் ஒரு பரவல் வரலாறு

காட்டு வாத்தினங்கள் பெரும்பாலும் வடகோளத்துக்கு உரியவை. அவற்றுள் இந்தியாவுக்கு ஆண்டுதோறும் கூட்டமாக வலசை வருபவை இரண்டே: சாம்பல் வாத்தும் பட்டைத்தலை வாத்தும். முன்னது வடஇந்திய ஏரிகளோடு பெரும்பாலும் நின்றுவிடும். பின்னது திருநெல்வேலிச் சீமை வரை இறங்கும். நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளம் அதன் தென்கோடித் தங்கிடங்களுள் ஒன்று. அங்கிருந்து கேரள எல்லை ஊரான பாறசாலை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இமயத்தைக் கடக்கையில் 7,290 மீட்டர் உயரம் வரை பறந்ததாகச் செயற்கைக்கோள் கருவியால் பதிவான பறவைக்கு அது ஒரு தொலைவே அல்ல. ஆனாலும் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர் என நீளும் நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களில் அது வழக்கமாக வந்து தங்குவதில்லை. கேரளம் முழுவதிலுமே அரிய விருந்தாளிதான்.

இப்பகுதியை ஒட்டிய மிகப் பழைய இலக்கியச் சான்று புறநானூற்றின் 67ஆம் பாடல். குமரித் துறையில் அயிரை மீனை உண்டு வடமலைக்குத் திரும்பும் அன்னச்சேவலை விளித்து, வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் கண்டு செல்லும்படி பிசிராந்தையார் சொல்கிறார். அந்த அன்னம் பட்டைத்தலை வாத்தே என்று கொள்வோர் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பட்டைத்தலை வாத்து முதன்மையாகப் புல்லும் நெற்பயிரும் மேய்வது. அயிரை தேடித் தின்னும் பறவை வேறொன்றாகவும் இருக்கலாம். ஆனால் தென்கடலோரத்தில் பருவம் கழிக்கும் நீர்ப்பறவை வடக்கே மலைக்குத் திரும்பும் என்ற அறிவு அன்றே இருந்தது என்பதற்கு அப்பாடல் போதும்.

அறிவியல் பதிவு மிகவும் பிந்தியது. 1876இல் ஹியூமும் போர்டிலனும் திருவிதாங்கூர் மலைப்பறவைகளின் முதற்பட்டியலை வெளியிட்டனர். 1903-04இல் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் பெர்குசனும் போர்டிலனும் சேர்ந்து விரிவான பட்டியல் தந்தனர். 1933இல் சாலிம் அலி சமஸ்தானம் முழுவதும் களஆய்வு செய்தபோது ஆரல்வாய்மொழியும் கன்னியாகுமரியும் அவருடைய முகாம்களுள் இருந்தன. அதாவது அன்றைய பட்டியல்களில் நெய்யாற்றின்கரையும் நாஞ்சில் நாடும் ஒரே நிலம்.

1956 நவம்பர் 1 அன்று நாஞ்சில் நாடு அடங்கிய அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சாலிம் அலியின் திருவிதாங்கூர்–கொச்சிப் பறவைகள் நூலும் 1969இல் கேரளப் பறவைகள் என்ற பெயரில் மறுபதிப்பானது. களியக்காவிளைச் சந்தைக்கு இப்புறம் ஒரு பட்டியல், அப்புறம் இன்னொன்று என்றாகிவிட்டது. பறவையின் பரவலை மாநில வரைபடத்துக்குள் வைத்துப் பார்க்கும் பழக்கம் இதனால் வலுப்பட்டது என்பது என் கருத்து.

வாத்தை நிறுத்தும் உண்மையான கோடு ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருக்கிறது. கணவாய்க்குக் கிழக்கே மழைமறைவு நிலம். வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிறைகின்றன. நீர் வற்ற வற்றக் கரையோரம் புல் முளைக்கிறது. சுற்றிலும் மரமற்ற வெளியும் வயலும். பகலில் திறந்த நீர்ப்பரப்பில் ஓய்ந்து, இரவிலும் விடியலிலும் மேயும் பறவைக்கு வேறென்ன வேண்டும்? அது கூடு கட்டும் திபெத், லடாக் ஏரிக்கரைகளும் இப்படித் திறந்த புல்வெளிகளே. மேற்கே நிலம் வேறு. செம்மண் மேடுகளில் தென்னையும் ரப்பரும் வீடுகளும். அவற்றுக்கு நடுவே நாக்குப்போல ஒடுங்கிக் கிடக்கும் ஏலாக்கள் என்னும் பள்ளத்து நெல்வயல்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் மரநிழல் விழும் இடத்தில், ஆபத்தைத் தொலைவிலேயே கண்டு எழும் பெரிய பறவைக் கூட்டம் இறங்காது.

அந்த ஏலாக்களும் சுருங்கின. கேரளத்தில் 1974-75இல் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு 2010-11இல் 2.1 லட்சமாகிவிட்டது. 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது எல்லை ஊர்களின் பல வயல்களில் வாழையும் மரவள்ளியும் ஏறியிருந்தன. தமிழகப் பக்கமும் கதை வேறில்லை: நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்த நீர் 2004க்குப் பின் நின்றுபோனது.

எல்லையின் இருபுறமும் தாமரைக் குளங்களில் தங்கும் குள்ளத்தாராவைச் சிலர் காட்டு வாத்தோடு சேர்த்து எண்ணுகிறார்கள். அது மரப்பொந்தில் முட்டையிடும் சிறு தாரா, இக்கணக்கில் வராது.

2022இல் அறிவிக்கப்பட்ட ராம்சார் தலங்களில் கூந்தன்குளமும் சுசீந்திரம்–தேரூரும் வேம்பனூரும் இடம்பெற்றன. மூன்றும் மாநில எல்லைக்குக் கிழக்கே. மேற்கே பூவார்ப் பொழிமுகமும் வெள்ளாயணிக் காயலை ஒட்டிய புஞ்சக்கரி வயலும் அங்கு வரும் வலசைப் பறவைகள் பலவற்றுக்கும் இரை தருகின்றன. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அந்த நாட்களில் விளவங்கோடு, நெய்யாற்றின்கரை ஆர்வலர்கள் ஒரே நாளில், ஒரே படிவத்தில் இருபுற ஏலாக்களிலும் பறவைகளை எண்ணி, பழைய திருவிதாங்கூர்ப் பட்டியல்களோடு வைத்து ஒப்பிட முன்வர வேண்டும்.