கண்டலும் சுரபுன்னையும்



காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு நீங்கள் மாலை வேளைகளில் சென்றிருப்பீர்கள். சேற்றிலே ஈட்டிகளை நட்டாற்போல் மூச்சுவேர்களை நீட்டி நிற்கும் மரத்தைப் பார்த்ததுண்டா? அதுதான் வெண்கண்டல். நெய்தல் திணைப் பாடல்களில் கண்டலைப் படித்துத் தேர்வெழுதிய மாணவனே, அம்மரத்தின் எதிரே நின்று, “இது என்ன மரம், ஐயா?” என்று கேட்டதை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன்.

கழிமுகச் சேற்றில் வாழும் மற்றொரு மரம் சுரபுன்னை. வடக்கே பிச்சாவரத்தில் இரண்டையும் காணலாம். தெற்கே முத்துப்பேட்டையிலோ பெரும்பாலும் வெண்கண்டலே. ஒரே காவிரிப் படுகையின் இரு முனைகளில் ஒன்று மலிந்து மற்றொன்று அருகியது ஏன்?

மரங்களின் இயல்பை முதலில் நோக்குவோம். வெண்கண்டல், தான் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பிகளின் வழியே வெளியேற்றிவிடும். இலையை நாவில் வைத்தால் கரிக்கும். வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். சுரபுன்னைக்கு இவ்வாற்றல் இல்லை. உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே தடுத்தாலும், உப்பு மிகுந்தால் அது தளர்ந்துவிடும். முதிர்ந்த கிளையை வெட்டினால் பின்பு துளிர்ப்பதில்லை. தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்கும் அதன் நாற்று வேரூன்றுவதற்கு, கடலேற்றம் வந்து போகும் சேறு வேண்டும்.

இனி, நிலத்தின் வரலாறு. ஆங்கிலேயர் ஆட்சியில் இக்காடுகள் விறகுக்காகப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டப்பட்டன. வெயில் பட்ட சேறு காய்ந்து தாழ்ந்து, தட்டுப்போல் குழிந்தது. புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மட்டும் மண்ணில் தங்கியது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தது. உழவுக்கு அது பெருநன்மையே; ஆயினும் அந்த உப்பைக் கழுவிச் செல்ல வேண்டிய நன்னீர் குறைந்தது. அந்நாளில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அணையோ சென்னை மாகாணத்தில். ஆறு கொடி பார்த்தா ஓடுகிறது?

இம்மாறுதலை வெண்கண்டல் தாங்கிற்று, சுரபுன்னை பின்வாங்கிற்று.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து, பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டியது. கடல்நீர் வந்து போகத் தொடங்கவே உப்பு குறைந்து, வெறுந்தரை பசுமையாயிற்று. அங்கே நடப்பட்டதும் பெரும்பாலும் வெண்கண்டலே. சுரபுன்னையை நிறையக் காண வேண்டுமானால், இன்றும் பிச்சாவரத்து ஓடைக்கரையோரம் படகிலேதான் செல்ல வேண்டும்.