மூளைக்குள் மின்சாரம்: அளவு தேடிய கதை

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்க்கு மூளையில் மின்முனை பதிக்கும் சிகிச்சை உண்டு என்பது பலருக்குத் தெரியும். பதித்தால் மட்டும் போதாது. எந்த முனையில், எத்தனை வோல்ட், நொடிக்கு எத்தனை துடிப்பு என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். இந்தச் சிகிச்சை பிறந்ததே அப்படி ஒரு சோதனையில்தான்.

1987. பிரான்சின் கிரெனோபிள் நகரம். அப்போது நடுக்கத்தை நிறுத்த தலாமஸ் என்னும் பகுதியில் சிறு இடத்தை அழித்துவிடுவார்கள். அழித்தது அழித்ததுதான்! அதனால் இடம் சரிதானா என்று முதலில் மின்சாரம் செலுத்திப் பார்ப்பது வழக்கம். அறுவை நிபுணர் அலிம் லூயி பெனாபிட் அப்படிச் சோதிக்கையில் துடிப்பின் வேகத்தைக் கூட்டினார். 100 ஹெர்ட்ஸை நெருங்கியதும் கை நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தினால் திரும்பியது. பிறகு ஏன் அழிக்க வேண்டும்? கம்பியை உள்ளேயே விட்டுவிடலாமே! பெனாபிட்டும் நரம்பியல் மருத்துவர் பியர் போலாக்கும் அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் தலாமஸில் நடுக்கம் மட்டுமே அடங்கியது. உடல் இறுக்கமும் மந்தமும் அப்படியே இருந்தன. 1990ல் மாலன் டிலாங் குழுவினர் குரங்குகளில் செய்த ஆய்வு, தலாமஸுக்குக் கீழே உள்ள சப்தலாமிக் நியூக்ளியஸைச் சுட்டிக்காட்டியது. 1993ல் கிரெனோபிள் குழு அங்கே மின்முனை வைத்தது.

மிகச் சிறிய இடம் அது. மின்முனையில் நான்கு உலோக வளையங்கள், ஒவ்வொன்றும் 1.5 மில்லிமீட்டர். நோயாளி மாத்திரை போடாமல் வருவார். மருத்துவர் அவர் மணிக்கட்டை அசைத்துக்கொண்டே ஒவ்வொரு வளையத்திலும் மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார். இறுக்கம் சில நொடிகளில் தளரும். இன்னும் கூட்டினால் பேச்சு குழறும், முகம் இழுக்கும். மின்சாரம் பக்கத்து நரம்புப் பாதைக்குப் பரவிவிட்டது என்று பொருள். 130 ஹெர்ட்ஸ், 60 மைக்ரோ நொடி என்பது வழக்கமான தொடக்கம். நடையில் மாற்றம் தெரிய நாட்கள் ஆகலாம் என்பதால் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

தவறான வளையம் என்ன செய்யும்? 1999ல் பாரிஸ் மருத்துவர்கள் ஒரு நிகழ்வை வெளியிட்டார்கள். மனநோய் வரலாறே இல்லாத 65 வயதுப் பெண். ஒரு வளையத்தில் மின்சாரம் தந்ததும் அழ ஆரம்பித்தார், வாழவே பிடிக்கவில்லை என்றார். நிறுத்திய 90 நொடிக்குள் எல்லாம் மறைந்தது. சிறிது நேரத்தில் சிரித்துப் பேசினார். அந்த வளையம் சரியான இடத்துக்கு வெறும் 2 மில்லிமீட்டர் கீழே இருந்தது!

மூளையின் சமிக்ஞையைக் கேட்டுத் தானே அளவை மாற்றும் கருவிக்கு 2025ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எந்த வளையம், எது உச்ச அளவு என்று அதற்கும் முதலில் மருத்துவரே உட்கார்ந்து குறித்துத் தர வேண்டும்.