நிபந்தனை இல்லா நிதி: ஆஸ்திரேலியாவின் பள்ளி மானியச் சர்ச்சை

அரசு சாராப் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் தரலாமா என்ற வழக்கு ஆஸ்திரேலியாவில் 1981இலேயே தீர்ந்துவிட்டது. எந்த மதத்தையும் அரசு மதமாக நிறுவக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 116ஆம் பிரிவு இந்த மானியத்தைத் தடுக்கவில்லை என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் அறுவர் தீர்ப்பளித்தனர். லயனல் மர்ஃபி மட்டும் மாறுபட்டார். ஆனாலும் சர்ச்சை ஓயவில்லை. பணம் தரும் அரசு அதற்கு ஈடாக எதைக் கேட்கலாம் என்பதை எந்தக் கட்சியும் நேராக எடுத்துக்கொள்ளாததே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

நம்மூர் அரசு உதவிபெறும் பள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். ஆஸ்திரேலியாவில் மானியம் பெறும் பள்ளி, தான் விரும்பிய கட்டணத்தையும் வாங்கலாம். யாரைச் சேர்ப்பது என்பதையும் பெரும்பாலும் தானே முடிவு செய்யலாம்.

இந்த ஏற்பாடு பிறந்த விதத்திலேயே அதன் குறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேற்ற அரசுகள் சமயப் பள்ளிகளுக்கான உதவியை ஒவ்வொன்றாக நிறுத்தின. விக்டோரியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டமும் நியூ சவுத் வேல்ஸில் ஹென்றி பார்க்ஸ் கொண்டுவந்த 1880ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுள் முக்கியமானவை. கத்தோலிக்கர் கன்னியர் சபைகளின் உழைப்பால் தம் பள்ளிகளைத் தாமே நடத்தினர். 1962இல் கோல்பர்ன் நகரின் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றைக் கூடுதலாக மூன்று கழிப்பறை கட்டச் சொன்னார்கள் அதிகாரிகள். திருச்சபையின் பதில் வேறு விதமாக வந்தது. அவ்வூரின் கத்தோலிக்கப் பள்ளிகள் அனைத்தையும் மூடிவிட்டு, ஏறத்தாழ 2,000 பிள்ளைகளை அரசுப் பள்ளிகளின் வாசலுக்கு அனுப்பியது. அவர்களில் சுமார் 640 பேருக்கே இடம் கிடைத்தது. ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. 'எங்கள் பள்ளிகள் இல்லாவிட்டால் உங்கள் செலவு என்ன ஆகும்?' என்ற கேள்வியை நாடே கேட்டது.

அதற்கு விடை சொன்னவர் பிரதமர் மென்சிஸ். அதுவும் தேர்தல் மேடையில். 1963இல் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு சாராப் பள்ளிகளுக்கும் அறிவியல் ஆய்வுக்கூட நிதி தருவதாக அறிவித்து வென்றார். பிளவுபட்டுக் கிடந்த தொழிற்கட்சியிடமிருந்து கத்தோலிக்க வாக்குகளைப் பிரிக்கும் கணக்கு அதில் இருந்தது. வாக்குக்காகக் கொடுக்கும் பணத்துக்கு யார் நிபந்தனை விதிப்பார்கள்?

தேவைக்கேற்ற நிதி என்ற நெறியை 1973இல் அரசு அமைத்த கார்மல் குழு முன்வைத்தது. வசதி மிகுந்த பள்ளிகளுக்கான உதவியைப் படிப்படியாக நிறுத்தவும் அது பரிந்துரைத்தது. பிரதமர் விட்லமின் அரசால் அந்த நிறுத்தத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற முடியவில்லை. 2011இல் டேவிட் கொன்ஸ்கி குழு அதே நெறிக்குத் திரும்பியபோது, எந்தப் பள்ளியும் ஒரு டாலரைக்கூட இழக்காது என்று கில்லார்ட் அரசு முன்கூட்டியே வாக்களித்திருந்தது. அதனால்தான், பெற்றோர் எத்துணைச் செல்வராயினும், ஒரு மாணவருக்கென அரசு கணக்கிடும் அடிப்படைத் தொகையில் குறைந்தது 20 விழுக்காடு அவர்களின் பள்ளிக்குச் சேர்ந்துவிடுகிறது.

வரி கட்டும் பெற்றோருக்கும் பங்குண்டு, அவர்களால் அரசுக்குச் செலவு மிச்சம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கோல்பர்ன் அதன் வலுவைக் காட்டியது. ஆனால் அந்தக் கணக்கு, வெளியேறிய பிள்ளையை மட்டுமே எண்ணுகிறது. பின்தங்கிய மாணவர்கள் அரசுப் பள்ளிகளிலேயே குவிகிறார்கள் என்று கொன்ஸ்கி அறிக்கை காட்டியது. அவர்களைத் தேர்ந்தெடுத்து விலக்கும் உரிமை அரசுப் பள்ளிக்கு இல்லை. செலவு கூடும் இடத்தில் சுமையையும் கூட்டிவிட்டு மிச்சம் பிடித்ததாகச் சொல்வது பொருந்தாது.

இங்கிலாந்தில் பொதுநிதியில் இயங்கும் சமயப் பள்ளிகள் கல்விக் கட்டணம் வாங்க முடியாது. சமய அடையாளம் மட்டும் பெருமளவு காக்கப்படுகிறது. இப்படி நிபந்தனை விதிக்க ஆஸ்திரேலியாவுக்கும் சட்டத் தடை ஏதுமில்லை. இந்த மானியங்களுக்கு அடிப்படையான அரசியலமைப்பின் 96ஆம் பிரிவே, நாடாளுமன்றம் தான் தகுமெனக் கருதும் நிபந்தனைகளோடு மாநிலங்களுக்கு நிதி வழங்கலாம் என்கிறது. கணக்குத் தாக்கல், பாடத்திட்டம், தேசியத் தேர்வு ஆகியவற்றுக்கு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துகிறார்கள். கட்டணத்துக்கும் சேர்க்கைக்கும் அதே அதிகாரத்தைப் பயன்படுத்தத் தடையாக இருப்பது தேர்தல் கணக்கு மட்டுமே.