பரங்கிக்காயின் சின்னஞ்சிறு பகைவன்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் காய்கறித் தோட்டங்களில் பரங்கிப் பிஞ்சு வெம்பி அழுகி விழுந்தால், “பூச்சி குத்திவிட்டது” என்பார்கள். குத்திய பூச்சி எது? அதன் வரலாறு கடல் கடந்து செல்வது. அதைச் சற்றுக் காண்போம்.

பரங்கியின் தாயகம் அமெரிக்கா. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், பரங்கியர் வழியாக வந்ததால் அது பரங்கிக்காய் ஆயிற்று. ஆனால் அதைக் குத்தும் பழ ஈயோ நம் நாட்டுப் பூச்சி என்பதே அறிஞர் கருத்து. பாகலிலும் வெள்ளரியிலும் வாழ்ந்த ஈக்குப் புது விருந்து கிடைத்தது!

பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழுக்கள் சதையைத் தின்கின்றன. துளை வழியே அழுகல் நோய்க் கிருமிகளும் நுழைகின்றன. வளர்ந்த புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வெளிவருகிறது. 2023-இல் கலிபோர்னியாப் போட்டியில் வென்ற பரங்கியின் எடை சுமார் 1,247 கிலோ! அத்தகைய போட்டிகளிலும், உட்குழி வரை ஓட்டை விழுந்த காய் தள்ளுபடிதான்.

இந்த ஈ 1895-ஆம் ஆண்டளவில் ஹவாய்த் தீவுகளில் தென்பட்டது. 1899-இல் அறிவியல் பெயர் பெற்றது. கோயம்புத்தூரில் பணியாற்றிய பூச்சியியலார் பிளெட்சர், 1914-இல் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றி நூல் வெளியிட்டார். அவர் பெயர் தாங்கிய சிறு குளவி ஒன்று பழ ஈயின் புழுவுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும். 1916-இல் அக்குளவி இந்தியாவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டு செல்லப்பட்டது. பகைவனைத் தந்த நாடே மருந்தையும் தந்தது எனலாம்.

ஜப்பானியர் வேறு வழி கண்டனர். கூட்டுப்புழுக்கள் மீது காமாக் கதிர்களைச் செலுத்தி, மலட்டு ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டனர். அவற்றோடு கூடிய பெண் ஈக்களின் முட்டைகள் பொரிக்கவில்லை. 1978-இல் குமே தீவிலும், 1993-இல் ஒகினாவா முழுவதிலும் பழ ஈ ஒழிந்தது.

அவை கடல் சூழ்ந்த தீவுகள். நம் தோட்டங்களுக்கோ இடையில் வரப்பு மட்டுமே உண்டு. ஒருவர் வீசியெறியும் சொத்தைக்காய் அடுத்தவர் கொடிக்கு ஈயை அனுப்புகிறது. ஆகவே விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழக் குழியில் புதைத்தல், மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுவை வெயிலில் காயவிடுதல், இளம் பிஞ்சுக்குக் காகித உறையிடுதல், ஆண் ஈக்களை மணத்தால் கவரும் பொறி வைத்தல் ஆகியவற்றை ஊரே சேர்ந்து செய்தால்தான் பலன் கிட்டும். அடுத்த முறை சொத்தைப் பரங்கி ஒன்றைக் கண்டால், தூர எறியாதீர்கள். அறுத்துப் பாருங்கள், பிறகு புதைத்துவிடுங்கள்.