இருப்பு எவ்வளவு? பொருளையே கேட்போம்!

சாத்தூர், சிவகாசிப் பகுதி வாசகர்களுக்குக் 'குரோஸ்' என்ற கணக்கு புதிதன்று. பன்னிரண்டு டஜன், அதாவது 144 தீப்பெட்டிகள் சேர்ந்தது ஒரு குரோஸ். ஒரு தொழிற்சாலையிலிருந்து எத்தனை குரோஸ் வெளியே சென்றது என்பதை அரசு எவ்வாறு அறியும்? முதலாளியின் கணக்கேட்டைப் பார்த்தா?

கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதிக்கும் சட்டம் வந்தது. வரியை வசூலிக்க அரசு கண்ட வழி எளியது. 'பாண்டரோல்' என்னும் மெல்லிய வரிச் சீட்டை அரசே விற்றது. ஒவ்வொரு பெட்டியிலும் அதை ஒட்ட வேண்டும். சீட்டு எத்தனையோ, பெட்டியும் அத்தனை! இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். கணக்கு ஏட்டில் இல்லை. பொருளின் மேலேயே ஒட்டியிருக்கிறது. பிற்காலத்தில் இந்தச் சீட்டு முறை கைவிடப்பட்டது.

பெட்டிக்குப் பொருந்திய இந்த முறையை அறைக்குப் பொருத்துவது எளிதன்று. பட்டாசு ஆலையில் எந்த அறையில் எத்தனை பேர் வேலை செய்யலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கெல்லாம் வரம்பு உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஓர் ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகையாக வேறு கைகளுக்குப் போயிருந்தது பின்னர் வெளிவந்தது. தாளில் இருந்தது ஓர் ஆலை, தரையில் இருந்தது வேறோர் ஆலை.

ஏட்டுக்கும் உண்மைக்கும் உள்ள இதே இடைவெளி, சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் மறுபடி தலைகாட்டியது. அது வாடகைக் கணிப்பொறி.

2006 மார்ச்சில் அமேசான் நிறுவனம் தகவல் சேமிக்கும் இடத்தையும், அவ்வாண்டு ஆகஸ்டில் கணிப்பொறிகளையும் இணையம் வழியே வாடகைக்கு விடத் தொடங்கியது. இதைத்தான் 'கிளவுட்' என்கிறார்கள். மேகம் என்று பெயரே தவிர, எல்லாம் தரையில் உள்ள கட்டடங்களில்தான் இருக்கின்றன. மைக்ரோசாப்ட் 2015-இல் சென்னையிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் இத்தகைய மையங்களைத் திறந்தன.

இங்கே ஒரு தொல்லை. கண்ணால் காண முடியாத பொருளை எப்படி எண்ணுவது? ஓர் ஊழியர் சோதனைக்காகப் பத்துக் கணிப்பொறிகளை எடுக்கிறார். வேலை முடிந்ததும் மறந்துவிடுகிறார். வாடகை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏட்டில் குறித்து வைக்கலாமே என்பீர்கள். கல்லூரி ஆய்வகங்களின் இருப்பேட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஏட்டில் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கும். அலமாரியில் அதன் பெட்டி மட்டும் இருக்கும்!

ஆனால் கிளவுடில் ஒரு வசதி உண்டு. எந்த வாசல் வழியாக 'ஒரு கணிப்பொறி கொடு' என்று கேட்கிறோமோ, அதே வாசலில் 'என்னிடம் என்னென்ன இருக்கின்றன?' என்றும் கேட்கலாம். கேள்வியை உரிய படிவத்தில் அனுப்ப வேண்டும். நேரம் குறிக்க வேண்டும். ரகசியச் சாவியைக் கொண்டு கணக்கிட்ட கையொப்பம் வேண்டும். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மனுவுக்கு என்ன வாசகம், எவ்வளவு வில்லை என்பது அவருக்கு மனப்பாடம். அந்த வேலையைச் செய்யும் ஆயத்த நிரல்தொகுதிக்குக் 'கிளையண்ட் லைப்ரரி' என்று பெயர். 2006-இலேயே மிட்ச் கார்னாட் என்பவர் பைதான் மொழியில் 'போட்டோ' என்ற ஒன்றை எழுதினார். அமேசான் ஆற்றில் வாழும் டால்பினின் பெயர் அது, பொருத்தமான பெயர்தான். அதன் புதிய வடிவமான 'போட்டோ3' 2015-இல் வந்தது.

மனு எழுதுபவர் வல்லவர் என்பதற்காகக் கேள்வியைக் குறைவாகக் கேட்டால் பதிலும் குறைவாகவே வரும். மும்பை மையத்தைக் கேட்டால் மும்பையில் உள்ளதை மட்டுமே சொல்லும். அமெரிக்க மையத்தில் மறந்து விட்டதைப் பற்றி மூச்சு விடாது. ஒவ்வொரு மையமாகக் கேட்டுக் கூட்ட வேண்டும். சேமிப்பில் உள்ள கோப்புகளைக் கேட்டால் ஒரு தடவைக்கு 1000 பெயர்களுக்கு மேல் வராது; மீதிக்குத் தொடர்ந்து கேட்க வேண்டும். முதல் பக்கத்தோடு நின்றுவிட்டுக் 'கணக்கு முடிந்தது' என்பவர்கள் உண்டு.

இதில் இயற்பியல் மாணவர்கள் ரசிக்கக்கூடிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. முதல் பக்கத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போவதற்குள் சில பொருள்கள் அழிந்திருக்கும், சில புதிதாகத் தோன்றியிருக்கும். ஆகவே கையில் கிடைக்கும் பட்டியல் எந்த ஒரு கணத்துக்கும் முழுமையாகப் பொருந்தாது. ஓடுகிற குழந்தைகளை எண்ணுவது போலத்தான்.

இன்று உள்ளதைச் சொல்லலாம், நேற்று இருந்ததை யார் சொல்வது? 2012-இல் நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் 'எட்டா' என்ற நிரலை வெளியிட்டது. அது விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். வந்த பதில்களையெல்லாம் தேதியோடு சேர்த்து வைக்கும். பழுது நேர்ந்தால் அதற்கு முந்தைய நிலையைத் தேடிப் பார்க்கலாம். 2014-இல் அமேசானே 'கான்ஃபிக்' என்ற பெயரில் மாற்றங்களைப் பதியும் சேவையைத் தொடங்கியது.

நீங்களும் முயலலாம். பைதான் தெரிந்தால் பத்து வரிகள் போதும். ஒன்றை மறக்க வேண்டாம்: எண்ணுவதற்கென்று வாங்கும் சாவிக்குப் படிக்கும் உரிமை மட்டும் இருக்கட்டும், அழிக்கும் உரிமை வேண்டாம்.