இரண்டு இராணிகள்

போரில் பீரங்கி மட்டுமா முழங்கும்? பேனாவும் முழங்கும், படக்கருவியும் சுழலும். சான்று தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் கொங்கு நாட்டுச் சேலமே போதும்!

இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டு 1945. திருச்செங்கோட்டில் பிறந்த டி. ஆர். சுந்தரம், சேலத்தில் தாம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் வாயிலாக அவ்வாண்டு 'பர்மா ராணி' என்னும் படத்தை வெளியிட்டார். கோவையும் சேலமும் தமிழ்ப்படங்களின் பிறப்பிடமாய்த் திகழ்ந்த காலம் அது. எனினும் படச்சுருள் இருந்ததோ வெள்ளை அரசின் பிடியில்! படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டலாகாது என்பது கட்டளை. போருக்கு ஆதரவான படம் வேண்டும் என்பது நெருக்குதல். சுந்தரத்தை மட்டும் பழித்துப் பயனில்லை. கயிறு அரசின் கையில் இருந்தது.

திரையில் ஜப்பானியர் கொடியவர். பொய்யா அது? இல்லை. 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இரயில் பாதைக்காக மலேயாத் தோட்டங்களிலிருந்து ஓட்டிச் செல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். உண்மைதான், ஆனால் பாதி உண்மை!

மறுபாதியைத் திரையில் காண அந்த அரசு விரும்புமா? 1942-இல் பர்மாவைவிட்டு இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து வந்தனர். ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மடிந்தனர். சாவின் விளிம்பிலும் வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி!

இன்னோர் இராணியும் இருந்தாள். 1943-இல் சிங்கப்பூரில் உருவான ஜான்சி ராணிப் படை! தலைவி, சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி. அணியில் நின்றோருள் பலர் இரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். பால்வெட்டிய கைகளில் துப்பாக்கி! திரையின் இராணி சேலத்தில் கைதட்டல் பெற்ற அதே 1945-இல், இந்த இராணிகள் இரங்கூனைவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தனர். கைதட்ட யார் இருந்தார்கள்?

போர்க்காலத் தென்கிழக்காசியத் தமிழரின் வாழ்வைப் பாடிய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நூலாக வந்தது 1972-இல். ஆள்வோரின் கதை அன்றே திரையேறியது; ஆளப்பட்டோரின் கதை அச்சேற 27 ஆண்டுகள்!

இளைஞர்களே! முழுப் பொய்யை எளிதில் வீழ்த்தலாம். பாதி உண்மையோ உண்மையின் உடையணிந்து உலவும். திரையாயினும் ஏடாயினும், இது யார் காசில் வந்தது, இதில் யார் இல்லை எனக் கேளுங்கள். இல்லாதவரின் பெயரைத் தேடும்போதுதான் வரலாறு தொடங்குகிறது!